உப்பில்லாத கடல்

வீடியோவில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது மணிக்கட்டில், யாரோ அழுத்திப் பிடித்த தடம் கன்றிப்போய்க் கருநீலமாகத் தெரிந்தது.

"இதைப் பாத்துட்டு எந்தத் தகப்பனுக்கும்மா தூக்கம் வரும்?" என்றார் அழகிரி. குரல் உடைந்தது.

அந்த நேரம் பார்த்துக் கீழ்த்தளத்திலிருந்து ஓர் அலறல் எழும்பியது. அழகிரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"உக்காருங்க சார். கடைவாய்ப் பல்லுதான்," என்றான் ஜூட். "கீழ பல் ஆஸ்பத்திரி. முன்பல்லுன்னா சத்தம் இன்னும் கொஞ்சம் சன்னமா வரும்."

தில்லைநகரில் அந்தப் பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில்தான் அனுசுயாவின் துப்பறியும் அலுவலகம் இருந்தது. சப் இன்ஸ்பெக்டராக இருந்து, மேலதிகாரி ஒருவரின் மேஜையில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தவள். ஜூட் அவளுடைய ஒரே உதவியாளன். பாலக்கரைக்காரன். கை கால் வேலை நேரத்தில் மட்டும் உழைக்கும். வாய் எந்நேரமும் ஓவர்டைம்.

அழகிரி மறுபடி உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருங்காபுரிப் பக்கம் நிலம், கடலை, மல்லி என்று வசதியான மனிதர். மகள் கனிஷ்கா திருச்சியில் படிக்க வந்த இடத்தில் பூவரசன் என்ற ஸ்ரீரங்கத்துப் பையனைப் பார்த்தாள். அவன் ஒரு டிராவல்ஸில் சுற்றுலா வழிகாட்டி. அந்தமானுக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்களை அழைத்துப்போய்க் கடற்கரை, பவளப்பாறை, படகுச் சவாரி என்று காட்டிக் கொண்டுவந்து விடுகிறவன். இருவரும் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு காணாமல் போனார்கள். பிறகு சொந்தக்காரர்கள் எல்லாருடைய போனுக்கும் இந்த வீடியோ வந்தது. கூடவே ஒரு வரி: 'அந்தமானில் நலமாக இருக்கிறோம். தேட வேண்டாம்.'

"தீவைச் சுத்திக் காட்டுறேன்னு கூட்டிட்டுப் போயி அங்க வச்சு அடிக்கிறான்மா. நாளைக்குக் கடல்ல தள்ளிட்டு, முக்குளிக்கப் போனவ திரும்பி வரலன்னு சொல்லிடுவான். யாரு கேக்க முடியும்? என் பொண்ணு உயிரு உங்க கையிலதான் இருக்கு. எங்க இருக்காங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

"அந்தமானுக்கு ஆள் அனுப்பினீங்களா?"

"அனுப்பிட்டேன். ஓட்டல் ஓட்டலா அலசிட்டாங்க. எங்கயும் இல்லை."

ஜூட் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "மேடம், அவங்க ஆளுங்க சரியா தேடியிருக்க மாட்டாங்க. நான் போறேன். ஒவ்வொரு பீச்சா முழங்கால் தண்ணில நின்னு தேடறேன். பாராசூட்ல தொங்கிக்கிட்டு மேலேர்ந்து தேடறேன். கண்ணாடிப் படகுல உக்காந்து கீழ தேடறேன். சிரமம்தான். என்ன பண்றது, தொழில்னு வந்துட்டா..."

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"அதனாலதான் முழங்கால்னு சொன்னேன்."

அனுசுயா சிரிக்கவில்லை. வீடியோவை மறுபடி ஓட்டினாள்.

முதலில் வெண்மணல். கடல்மேல் சாய்ந்து வளர்ந்த தென்னைகள். அலை தொடும் தூரம் வரை இறங்கி வந்து நிற்கும் பச்சைக் காடு. அடுத்து தண்ணீருக்கு அடியில் மஞ்சள் வரி மீன்கள், பவளப்பாறை, காலில் துடுப்பு மாட்டி நீந்தும் யாரோ ஒருவருடைய நிழல். கடைசியில் மட்டும்தான் அவர்கள் இருவரும். இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார்கள். பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துடுப்புப் படகு. பின்னால் மணல், அதற்குமேல் வானம். கனிஷ்கா கேமராவைப் பார்த்துக் கை அசைக்கிறாள். பூவரசன் குனிந்து உள்ளங்கையில் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்கிறான். மறுபடி அள்ளுகிறான். வாயில் ஊற்றிக்கொள்கிறான். நிமிர்ந்து சிரிக்கிறான்.

"நிறுத்து," என்றாள் அனுசுயா, போன் தன் கையில்தான் இருக்கிறது என்பதை மறந்து. "ஜூட், நீ கடல்ல குளிச்சிருக்கே இல்ல?"

"வேளாங்கண்ணியில வருஷா வருஷம். போன தடவை ஒரு அலை நேரா வாய்க்குள்ள வந்துட்டுப் போச்சு. அன்னிக்கு முழுக்க நாக்கு ஊறுகாய் ஜாடியா இருந்துச்சு."

"இவன் மூஞ்சியைப் பாரு."

ஜூட் போனை வாங்கிப் பார்த்தான். மீண்டும் ஓட்டிப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து கிண்டல் இறங்கியது. "சுளிக்கவே இல்லையே. துப்பவும் இல்லை. இளநி குடிச்சவன் மாதிரி சிரிக்கிறான்."

"ஸ்ரீரங்கத்துல அம்மா மண்டபத்துப் படித்துறையில காலையில போய் நின்னு பாரு. ஆத்துல இறங்கறவங்க முதல்ல என்ன செய்வாங்க? ஒரு கை தண்ணி தலையில, ஒரு கை வாயில. சாமி கும்பிடுறவனும் செய்வான், கும்பிடாதவனும் செய்வான். நினைச்சு செய்யறது இல்லை, கை தானா போகும். அப்படி வளர்ந்தவன் கடல்ல இறங்கினா, பழக்கத்துல ஒரு கை அள்ளி வாயில ஊத்தலாம். முழுங்க மாட்டான்."

"அப்ப இது கடலே இல்லையா மேடம்?"

"மீன், பவளம், தென்னை எல்லாம் கடல்தான். டூர் கூட்டிட்டுப் போறவன்கிட்ட அந்த மாதிரி படம் எத்தனையோ இருக்கும். எடுத்து ஒட்டியிருக்கான். ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிற இந்தத் துண்டு மட்டும் ஆறு. நல்ல தண்ணி."

அழகிரி துண்டை முகத்திலிருந்து எடுத்தார். கண்கள் காய்ந்திருந்தன.

"எங்க பக்கமெல்லாம் மோட்டார் போட்டாத்தாம்மா தண்ணி. இது எங்களுக்குத் தோணவே இல்லை பாருங்க." எழுந்து நின்றார். "எந்த ஆறு? எங்க?"

டீ ஆறுவதற்குள் ஒரு முடிச்சு அவிழ்ந்துவிட்ட பெருமை அனுசுயாவுக்கு. அதை மறைக்கவும் அவள் மெனக்கெடவில்லை. "படத்துல நாலு கையும் தெரியுது. அப்ப எடுத்தது மூணாவது ஆள். பூவரசன் நம்பற ஆள். அவன் வேலை பாக்கற டிராவல்ஸ்லேர்ந்து ஆரம்பிப்போம். சாயங்காலத்துக்குள்ள சொல்லிடறேன்."

"தம்பி, நீங்க போற இடத்தை என் போன்ல காட்டிக்கிட்டே இருங்க. பெத்த மனசு."

ஜூட் லைவ் லொகேஷனைத் தட்டிவிட்டான். அது அனுசுயா வைத்த வழக்கம்தான். வீட்டில் படுத்துத் தூங்கிவிட்டு அலைந்ததாகக் கணக்குக் காட்டுகிறார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, வருகிற எல்லாருக்கும் அதை அனுப்பிவிடுவார்கள்.

*

நீலத்தீவு டிராவல்ஸ், ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரு வளையல் கடைக்கு மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவில் சிலந்தி வலை போல விரிசல். உள்ளே சுவர் முழுக்கத் தீவுகள். நீலத் தண்ணீர், வெள்ளை மணல், காதில் பூ வைத்த வெளிநாட்டுக்காரி, கடலுக்கு மேல் பாராசூட்டில் தொங்கும் யாரோ ஒரு மாமா.

மேஜைக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருத்தி நின்றிருந்தாள். உரிமையாளர் ஆனந்தவள்ளி என்றது மேஜைமேல் இருந்த பெயர்ப்பலகை. வலது கையில் மாவுக்கட்டு. இடது கையில் பெரிய கத்தரிக்கோல்.

"இந்தக் கையில இன்னும் ரெண்டு விரல் பாக்கி இருக்கு," என்றாள் மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டி. "எது வேணும்?"

ஜூட் அரை அடி பின்வாங்கினான். "மாமி, நாங்க டூர் விசாரிக்க வந்தோம். பீச், படகு, பவளப்பாறை..."

"நேத்திக்கு வந்தவாளும் இதையேதான் சொன்னா. சுத்தியல் எடுத்துண்டு வந்து டூர் விசாரிச்சா."

"யாரு வந்தாங்க?" என்றாள் அனுசுயா.

"உங்க ஆளுங்கதான்! வேற யாரு? எதுக்கு இந்த வேஷம்? பூவரசனும் அந்தக் குழந்தையும் அந்தமான்ல இருக்கா. என் விரலை இதே மேஜையில வச்சு அடிச்சப்பவும் அதான் சொன்னேன். இன்னொரு தடவை அடிச்சாலும் அதான். ரங்கநாதனே படியேறி வந்து கேட்டாலும் அந்தமான்தான்."

உங்க ஆளுங்க. அனுசுயாவின் நெற்றி சுருங்கியது. அவளுக்கு இருப்பது ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்குக் கொசு அடிக்கவே கை வராது.

அந்த ஆள் அப்போது சுவரில் ஒரு போஸ்டரின் முன் அசையாமல் நின்றிருந்தான்.

"மேடம், இங்க கொஞ்சம் வாங்க."

தீவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் துடுப்புப் பயிற்சி இலவசம் என்றது போஸ்டர். லைஃப் ஜாக்கெட் மாட்டிய குண்டு மனிதர் ஒருவர் ஆரஞ்சு நிறப் படகில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். படகின் மூக்கில் கறுப்பு ரப்பரில் ஓர் ஒட்டு, இட்லி அளவுக்கு. வீடியோவில் கனிஷ்காவின் கைக்குப் பின்னால் தெரிந்த அதே ஒட்டு. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் இடம் போட்டிருந்தது: எங்கள் படகுக் கொட்டகை, கொள்ளிடம் வடகரை.

இருவர் கண்களும் போன இடத்தை ஆனந்தவள்ளி பார்த்துவிட்டாள். கத்தரிக்கோல் பறந்து வந்து, ஜூட்டின் காதை உரசிக்கொண்டு, குண்டு மனிதரின் வயிற்றில் குத்தி நின்றது.

"போயிடுங்கோ!" அவள் குரல் கிழிந்தது. "குழந்தைகளை விட்டுடுங்கோ. உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும், விட்டுடுங்கோ!"

*

காரில் ஜூட் காதைத் தடவிக்கொண்டே வந்தான். கொள்ளிடம் பாலத்தில் லாரிகளுக்குப் பின்னால் வண்டி ஊர்ந்தது. வெள்ளம் வடிந்துபோன ஆறு. கண் எட்டும் வரை மணல். வடகரையை ஒட்டி மட்டும் பச்சைக் கண்ணாடி போல ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர்.

"மாமி இடது கையாலயே இந்த எறி எறியறாங்க. வலது கை நல்லா இருந்திருந்தா நான் இப்ப ஒத்தைக் காதுக்காரன். கண்ணாடி மாட்டக்கூட முடியாது."

அனுசுயா பாலத்தைத் தாண்டி வண்டியைத் திருப்பினாள். கரைமேட்டு ஓரம் நிறுத்தி இறங்கினாள். நாணல் புதருக்கு நடுவே தகரக் கூரை தெரிந்தது. இருவரும் மணலில் இறங்கி நடந்தார்கள்.

"ஜூட், பூவரசன் கெட்டவன், அவனை ஒளிச்சு வச்சிருக்கறது அந்த மாமி. சரியா? அப்ப மாமி விரலை உடைச்சது யாரு?"

"அவனைத் தேடற ஆளு."

"அவனைத் தேடறது யாரு?"

ஜூட் நின்றுவிட்டான்.

"காலையில அழகிரி நம்மகிட்ட எத்தனையோ பேசினாரு. அந்த வீடியோல பொண்ணு எப்படி இருக்கா, இளைச்சிருக்காளா, அழுதிருக்காளா, ஒரு வார்த்தை கேட்டாரா?"

"இல்லை மேடம்." என்றான் ஜூட். "எங்க, எங்கன்னுதான் கேட்டாரு."

"லொகேஷனை நிறுத்து! உடனே!"

அவன் போனை வெளியே எடுத்த அதே நொடி, நாணலைப் பிளந்துகொண்டு ஒரு துடுப்பு வந்து அவன் பிடரியில் இறங்கியது. ஜூட் முகம் குப்புற மணலில் விழுந்தான். போன் எங்கோ தெறித்தது. துடுப்பு மறுபடி சுழன்றது. அனுசுயா முன்கையைக் கொடுத்துத் தடுத்தாள். எலும்புக்குள் 'ணங்' என்றது. முழங்கை வரை மின்சாரம் பாய்ந்தது.

எதிரே கனிஷ்கா. வீடியோவில் பார்த்த சிரிப்பின் அடையாளமே இல்லை. அவளுக்குப் பின்னால் கயிறு வெட்டும் கத்தியோடு பூவரசன்.

"யாரு நீங்க? யாரு அனுப்பினா?"

"உங்க அப்பா."

 துடுப்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன.

"முடிஞ்சுது பூவரசா," என்றாள் திரும்பாமலே. "வந்துட்டாங்க."

"கனிஷ்கா, கையில அந்தத் தடம் யாரு பிடிச்சது?" அனுசுயா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"யாரு அனுப்பினாங்கன்னு இப்ப சொன்னீங்களே, அவருதான். மாட்டுக் கொட்டகைக்குத் தரதரன்னு இழுத்துட்டுப் போயி, பூச்சி மருந்தை வாயில ஊத்தப் பாத்தாரு. அம்மா பாட்டிலைத் தட்டிவிட்டாங்க. நான் ஓடி வந்துட்டேன். அம்மாவை என்ன பண்ணாரோ, இன்னும் தெரியலை."

"போலீஸுக்குப் போகலையா?"

"போனோம். அங்க இருந்த ஒருத்தர் எங்களை உக்கார வச்சுட்டு, எங்க எதிர்லயே அவருக்குப் போன் போட்டாரு."

பூவரசன் கத்தியைத் தாழ்த்தினான். "நிஜமாவே அந்தமானுக்குப் போயிருப்போம் மேடம். டிக்கெட் எடுத்தா பேரு தெரிஞ்சிடும். ஏர்போர்ட்ல, ஜங்ஷன்ல எல்லாம் ஆள் போட்டிருக்காரு. அதான், அங்க போனதா அவரு நம்பட்டும்னு படம் அனுப்பினோம். பாதி ஆளுங்க இப்ப அங்கதான் பீச் பீச்சா சுத்தறாங்க."

"அந்த வேலையைத்தான்யா நான் கேட்டேன்," என்று மணலிலிருந்து முனகினான் ஜூட். "கொடுக்க மாட்டேன்னுட்டாங்க."

"எங்களை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அனுசுயா சொன்னாள். பூவரசன் தன் உள்ளங்கையை விரித்து, அது வேறு யாருடைய கையோ என்பது போலப் பார்த்தான். "தெரியவே இல்லை மேடம். கையே செஞ்சிருக்கு."

கரைமேட்டில் ஒரு கார்க் கதவு சாத்தும் சத்தம். இன்னொன்று. இன்னொன்று.

மூன்று பேர் இறங்கி வந்தார்கள். முன்னால் அழகிரி. காலையில் கண்ணைத் துடைத்த அதே துண்டு இப்போது ஒரு அருவாளைச் சுற்றியிருந்தது. பின்னால் வந்த இருவரும் அந்த மரியாதைகூட இல்லாமல் வெறும் அருவாளோடு வந்தார்கள்.

"நல்ல மூளைம்மா உங்களுக்கு," என்றார் அழகிரி. "என் ஆளுங்க விரலை உடைச்சும் வெளிய வராத சங்கதி, ஒரு கைத் தண்ணில வந்துடுச்சு. வேலை முடிஞ்சுது. கிளம்புங்க."

"ஜூட், இன்ஸ்பெக்டர் லூர்துராணிக்குப் போன் போடு. போலீஸ்ல நான் நம்பற ஒரே ஆளு."

"போனைத் தேடிட்டிருக்கேன் மேடம்!" அவன் நாலு காலில் மணலைத் துழாவிக்கொண்டிருந்தான்.

அனுசுயா நகர்ந்து கனிஷ்காவுக்கு முன்னால் நின்றாள். "பொண்ணு உயிரைக் காப்பாத்துங்கன்னு சொல்லித்தானே என்கிட்ட வந்தீங்க? அந்த வேலையைத்தான் ஒத்துக்கிட்டேன். அது இன்னும் முடியலை."

அழகிரி தலையை அசைத்தார். முதல் ஆள் பாய்ந்தான்.

வெட்டு அனுசுயாவுக்குத்தான் வந்தது. பூவரசன் குறுக்கே விழுந்து அவளைத் தள்ளினான். அருவாள் அவன் தோள்பட்டையில் இறங்கியது. சட்டை கிழிந்து, அதற்கு அடியில் சதை கிழிந்து, ரத்தம் முழங்கை வழியாக மணலில் கொட்டியது. கனிஷ்கா அலறினாள்.

கொட்டகைக் கம்பத்தில் தொங்கிய லைஃப் ஜாக்கெட்டை அனுசுயா நல்ல கையால் உருவினாள். அடுத்த வெட்டு அதன் தடித்த பஞ்சில் புதைந்து மாட்டிக்கொண்டது. அவன் இழுப்பதற்குள் அவள் ஜாக்கெட்டோடு சேர்த்து ஒரு திருகு திருகினாள். அவன் மணிக்கட்டு போகக்கூடாத பக்கம் போனது. அடுத்து அவன் முட்டிச்சில்லில் அவள் குதிகால் இறங்கியது. காய்ந்த தென்னை மட்டை முறிகிற சத்தம். காலையில் கீழ்த்தளத்தில் கேட்ட எந்தப் பல்லுக்கும் இப்படி ஓர் அலறல் வந்ததில்லை.

இரண்டாவது ஆள் ஜூட்டைத் தாண்டி ஓடினான். தாண்டியது தப்பு. ஜூட் அவன் கெண்டைக்காலைக் கட்டிப்பிடித்துக் கடித்தான். அவன் விழுந்தான். புரண்டு எழுந்து அருவாளை ஓங்கினான். ஜூட் ஒரு கை மணலை அவன் கண்ணில் வீசிவிட்டு, படகு கட்டும் இரும்புக் குண்டைக் கயிற்றோடு சுழற்றி அவன் தாடையில் விட்டான். ரத்தமும் பற்களும் ஒன்றாக வெளியே வந்தன.

"எங்க ஆபீஸுக்குக் கீழ வாங்க," என்றான் ஜூட் மூச்சு வாங்க. "கட்டிக் கொடுப்பாங்க."

"ஜூட்! அழகிரி எங்க?"

அழகிரி சண்டையின் பக்கமே திரும்பவில்லை. அவர் போன பாதை வேறு. கனிஷ்கா காயம்பட்ட பூவரசனை இழுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியிருந்தாள். இருவரும் நேராகப் போகாமல், கரையை ஒட்டி வளைந்து, முழங்கால் தண்ணீரில் நடந்து, நடுவில் இருந்த மணல்திட்டில் ஏறினார்கள். அழகிரி கரையில் நின்று பார்த்தார். எதிரே மகள். நடுவில் அமைதியான, பச்சையான தண்ணீர். வளைந்து போக அவருக்குப் பொறுமை இல்லை. அருவாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக இறங்கினார்.

"அங்க கால் வைக்காதீங்க!" என்று கத்தியது பூவரசன்தான். "மணல் அள்ளின குழி! ஆளுயரத்துக்கு மேல!"

"எனக்கே நீ புத்தி சொல்றியாடா?"

அடுத்த அடியில் தரை இல்லை. அழகிரி மொத்தமாக உள்ளே போனார். துண்டு மட்டும் மேலே மிதந்தது. பிறகு தலை வந்தது, வாய் நிறையத் தண்ணீரோடு. வாழ்நாள் முழுக்க மோட்டார் தண்ணீரில் குளித்த மனிதர். நீந்தத் தெரியவில்லை. குழியின் விளிம்பைப் பிடிக்கப் பிடிக்க மணல் சரிந்து அவரோடு சேர்ந்து உள்ளே போனது. இடது கை தண்ணீரை அடித்தது. வலது கை அடியில் இருந்தது.

அனுசுயா தண்ணீரில் ஓடினாள். தூரம் அதிகம். அடிபட்ட கை வேலை செய்யவில்லை.

கனிஷ்கா திட்டின் ஓரத்தில் மண்டியிட்டாள். கையிலிருந்த துடுப்பைக் குழிக்கு மேல் நீட்டினாள். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா! பிடிச்சுக்கங்கப்பா! கையில இருக்கறதைப் போட்டுட்டு ரெண்டு கையாலயும் பிடிங்க!"

அவர் இடது கையால் பிடித்தார்.

"இன்னொரு கையும் கொடுங்கப்பா. இழுக்க முடியலை. அதைப் போட்டுடுங்க."

அவள் பின்னால் சாய்ந்து இழுத்தாள். குதிகால்கள் மணலில் புதைந்தன. அழகிரியின் தோள் மேலே வந்தது. மார்பு வந்தது. இருமினார். மூச்சை இழுத்து நிரப்பிக்கொண்டார். துடுப்பில் கையை மாற்றி மாற்றி வைக்காமல், ஒரே கையால் தன்னை அவள் பக்கம் இழுத்துக்கொண்டே வந்தார். இப்போது அவர் முகத்துக்கும் மகள் முகத்துக்கும் நடுவில் ஒரு முழம்தான். அவர் கண்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தன.

தண்ணீருக்கு அடியிலிருந்து வலது கை எழும்பியது. அருவாள் நனைந்து பளபளத்தது.

கனிஷ்கா துடுப்பை விட்டாள்.

அருவாள் காற்றை வெட்டியது. அந்த வேகமே அவரைப் பின்னால் சாய்த்தது. பச்சைத் தண்ணீர் அவர் தலைக்கு மேல் மூடிக்கொண்டது. துடுப்பு மட்டும் மெதுவாகச் சுழன்று மேலே வந்தது. கரையில் ஜூட் கடைசியில் கிடைத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு, லூர்துராணியிடம் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவன், பாதியில் நிறுத்தினான்.

பூவரசன் எழுந்தான். தோளில் வழியும் ரத்தத்தோடு குழியைப் பார்த்துக் குதிக்கப் போனான். ஆற்றில் ஒருவன் மூழ்கும்போது பார்த்துக்கொண்டு நின்று பழகாத உடம்பு.

கனிஷ்கா அவன் இடுப்பை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு கீழே சாய்த்தாள்.

"போகாத," என்றாள். "அவர் கையில அது இன்னும் இருக்கு."